பதிவகம் திரும்பப் பெறும் ஆள்களப் பெயர்: பதிவுதாரரின் உரிமையும் அதன் எல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

ஒருவர் முறையாகப் பதிந்து பயன்படுத்திவரும் ஆள்களப் பெயரை, அப்பெயரை வழங்கிய பதிவகமே திரும்பப் பெற்றுக்கொள்ளும்போது பதிவுதாரருக்கு எத்தகைய உரிமைகள் எஞ்சுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆள்களப் பெயர் சொத்தா, ஒப்பந்த உரிமையா என்னும் வினாவே சட்ட எழுத்துகளில் முதன்மை பெற்றுள்ளது. ஆயினும், பதிவகத்தின் நடவடிக்கைக்கு எதிரான பாதுகாப்பு அவ்வினாவின் விடையைக் காட்டிலும் நடைமுறை சார்ந்த உறுதிப்பாடுகளையே பெரிதும் சார்ந்துள்ளது என்பதை லிபியாவின் டாட் எல்ஒய், ஐரோப்பிய ஒன்றியத்தின் டாட் ஈயூ ஆகியவற்றின் நிகழ்வுகளை ஒப்பிட்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இந்தியச் சூழலில் காணப்படும் இடைவெளியும் இறுதியில் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆள்களப் பெயர், பதிவகம், பதிவுதாரர், பதிவு நீக்கம், நடைமுறை நீதி, டாட் ஈயூ, டாட் எல்ஒய், டாட் இன்.

முன்னுரை

நிலம் வாங்கியவரிடம் பத்திரம் இருக்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவருக்கு வாடகைச் சட்டத்தின் துணை இருக்கிறது. ஆள்களப் பெயரைப் பதிந்தவரிடம் இருப்பதோ ஒரு கட்டண ரசீதும், பெரும்பாலோர் படித்துப் பாராமலே ஒப்புக்கொள்ளும் நீண்ட நிபந்தனைப் பட்டியலும் மட்டுமே. ஆயினும் அப்பெயரைச் சுற்றி அவர் எழுப்பும் கட்டுமானம் சிறிதன்று. நிறுவனத்தின் இணையதளம், பணியாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள், வங்கிக் கணக்குகளுக்கான கடவுச்சொல் மீட்பு, பிற தளங்களிலும் ஆய்வேடுகளிலும் இடம்பெற்ற இணைப்புகள் ஆகிய அனைத்தும் அந்த ஒரு பெயரையே நம்பியுள்ளன. பெயர் போனால் இவை அனைத்தும் ஒருசேரச் செயலிழக்கும்.

இழப்பு அத்துடன் நிற்பதில்லை. திரும்பப் பெறப்பட்ட பெயர் பின்னர் பொதுப் பதிவுக்கு விடப்படுமாயின் அதனை வேறொருவர் பதிந்துகொள்ளலாம். அப்போது பழைய பதிவுதாரருக்கு அனுப்பப்படும் மின்னஞ்சல்கள் புதியவரின் கைக்குச் செல்லும். பழைய இணைப்புகளைச் சொடுக்குவோர் வேறொருவரின் தளத்தைச் சென்றடைவர். ஆதலின் ஆள்களப் பெயரைத் திரும்பப் பெறுதல் என்பது ஒரு சேவையை நிறுத்துவதைவிடக் கடுமையான விளைவுடையது. மின்சார இணைப்பைத் துண்டித்தால் வீடு இருளும். ஆயின் அவ்வீட்டுக்கு வரும் கடிதங்கள் பிறர் கைக்குப் போவதில்லை. இப்பின்புலத்தில், பதிவகத்தின் நடவடிக்கைக்கு உள்ளாகும் பதிவுதாரரின் சட்டநிலை ஆராயத்தக்கதாகிறது.

பதிவு உறவின் அமைப்பு

ஆள்களப் பெயர்ப் பதிவில் பொதுவாக மூன்று தரப்பினர் உள்ளனர். ஓர் உயர்நிலை ஆள்களத்தின்கீழ் அமையும் பெயர்கள் அனைத்தையும் கொண்ட மூலப் பதிவேட்டைப் பேணும் அமைப்பு பதிவகம் ஆகும். பொதுமக்களிடம் கட்டணம் பெற்றுப் பெயர்களைப் பதிந்து தரும் நிறுவனம் பதிவு முகவர் ஆகும். பெயரைப் பதிந்துகொள்பவர் பதிவுதாரர் ஆவார். டாட் காம் பதிவகத்தை வெரிசைன் நிறுவனமும், டாட் இன் பதிவகத்தை இந்தியத் தேசிய இணையப் பரிமாற்றகம் எனப்படும் நிக்சியும், டாட் ஈயூ பதிவகத்தைப் பெல்ஜியத்தில் அமைந்த இலாப நோக்கற்ற நிறுவனமான யூரிட் அமைப்பும் நடத்துகின்றன.

இவ்வமைப்பில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, பல உயர்நிலை ஆள்களங்களில் பதிவுதாரருக்கும் பதிவகத்துக்கும் இடையே நேரடி ஒப்பந்தம் இல்லை. டாட் காம் பெயரைப் பதிபவர் பதிவு முகவருடன் ஒப்பந்தம் செய்கிறார். முகவர் வெரிசைனுடன் ஒப்பந்தம் செய்திருக்கிறார். பதிவின் ஒருமைப்பாட்டைக் காத்தல், சட்டத்துக்கும் நீதிமன்ற ஆணைக்கும் இணங்குதல், நேர்ந்த பிழையைத் திருத்துதல், கட்டணம் செலுத்தப்படாமை போன்ற காரணங்களுக்காக எந்தப் பதிவையும் மறுக்கவோ நீக்கவோ மாற்றவோ பதிவகத்துக்கு உரிமை உண்டு என அவ்விரண்டாம் ஒப்பந்தம் கூறுகிறது. இந்நிபந்தனை முகவர் வழியாகப் பதிவுதாரரைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் பதிவகத்தைக் கேள்வி கேட்கும் உரிமை அதே வழியில் பதிவுதாரருக்குக் கிடைப்பதில்லை. ஜெர்மனியின் டாட் டிஈ பதிவகமான டெனிக் இதற்கு மாறானது. அங்குப் பதிவுதாரர் பதிவகத்துடனேயே ஒப்பந்த உறவு கொள்கிறார். தக்க காரணமின்றிப் பதிவகம் அவ்வொப்பந்தத்தை முறிக்க இயலாது.

இரண்டாவது, பொது உயர்நிலை ஆள்களங்களுக்கும் நாட்டுக் குறியீட்டு உயர்நிலை ஆள்களங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு. 1998-இல் தோற்றுவிக்கப்பட்ட ஐகான் அமைப்பு, பொது ஆள்களங்களின் பதிவகங்களையும் முகவர்களையும் ஒப்பந்தங்களின் வாயிலாக நெறிப்படுத்துகிறது. நாட்டுக் குறியீட்டு ஆள்களங்கள் அந்தந்த நாட்டின் சட்டத்துக்கும் கொள்கைக்கும் உட்பட்டவை. 1994-இல் ஜான் போஸ்டல் வெளியிட்ட ஆர்எஃப்சி 1591 என்னும் ஆவணம் பதிவகத்தைச் சமூகத்துக்கான அறங்காவலராகக் காண்கிறது. ஆள்களம் யாருடைய உடைமை என்னும் கேள்வியைவிட, பொறுப்பும் தொண்டுமே கருதத்தக்கன என்பது அதன் நிலைப்பாடு. அறங்காவலர் என்னும் இக்கருத்து உயரியதே. எனினும் அறங்காவலர் தவறினால் பயனாளி எங்கு முறையிடுவது என்பதை அவ்வாவணம் பதிவுதாரர் நோக்கில் விளக்கவில்லை.

சொத்தா, ஒப்பந்தமா?

பதிவுதாரரிடம் இருப்பது எத்தன்மையது என்பதில் நீதிமன்றங்கள் ஒருமித்த கருத்தைக் கொண்டிருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில உச்ச நீதிமன்றம் நெட்வொர்க் சொலூஷன்ஸ் எதிர் அம்ப்ரோ வழக்கில், பதிவு என்பது சேவை ஒப்பந்தத்தின் விளைவே என்று கூறியது. கடனாளியின் ஆள்களப் பெயர்களைப் பற்றுகைக்கு உட்படுத்திக் கடனைத் தீர்க்க வேண்டும் என்ற கோரிக்கை அதனால் ஏற்கப்படவில்லை.

மூன்றாண்டுகளுக்குப் பின்னர், 2003-இல், அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கிரெமன் எதிர் கோஹன் வழக்கில் வேறு திசையில் சென்றது. கேரி கிரெமன் என்பவர் 1994-இல் செக்ஸ் டாட் காம் என்னும் பெயரைப் பதிந்திருந்தார். ஸ்டீபன் கோஹன் என்பவர் அளித்த போலிக் கடிதம் ஒன்றை நம்பி நெட்வொர்க் சொலூஷன்ஸ் நிறுவனம் அப்பெயரைக் கோஹனுக்கு மாற்றித் தந்தது. அக்காலத்தில் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதலின் கைம்மாறு இல்லாத இவ்வுறவை ஒப்பந்தமாகக் கொள்ள இயலாது என்று நீதிமன்றம் கருதியது. ஆயினும் துல்லியமாக வரையறுக்கத்தக்கது, தனியுரிமையுடன் கட்டுப்படுத்தத்தக்கது, அத்தனியுரிமைக்கு முறையான கோரிக்கை உடையது என்னும் மூன்று அளவுகோல்களையும் ஆள்களப் பெயர் நிறைவு செய்வதால் அது சொத்தே என்று முடிவு செய்தது. பிறர் சொத்தை உரிமையின்றி வேறொருவருக்குக் கொடுத்ததற்கான பொறுப்பு நிறுவனத்தின்மீது எழ வழி பிறந்தது. கனடாவின் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2011-இல் டூகோஸ் எதிர் லோஜாஸ் ரென்னர் வழக்கில் ஆள்களப் பெயரைத் தனிச்சொத்தாகவே கண்டது.

ஐரோப்பாவில் இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட ஒரு வழி உருவாயிற்று. ஆள்களப் பெயர்மீது முழுமையான உடைமை இல்லை. ஆனால் பதிவகத்துடனான ஒப்பந்தத்தினின்று பிறக்கும் பயன்பாட்டு உரிமை சொத்துரிமைப் பாதுகாப்புக்கு உரியது என்று ஜெர்மனியின் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2004-இல் கூறியது. 2007-இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் பெஃப்கன் எதிர் ஜெர்மனி விவகாரத்தில் இதனை ஒட்டியே சென்றது. பொருளாதார மதிப்புடைய அப்பிரத்தியேகப் பயன்பாட்டு உரிமை, ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கையின் முதல் நெறிமுறையின் முதல் பிரிவு காக்கும் உடைமையாகும் என்று அது ஏற்றது. எனினும் பிறரின் வணிகக்குறி உரிமைகளுக்காகப் பெயரை நீக்குமாறு உள்நாட்டு நீதிமன்றங்கள் பிறப்பித்த ஆணைகள் அளவுக்கு மீறியவையல்ல என்று கூறி முறையீட்டைத் தள்ளியது.

இந்தியாவில் 2004-ஆம் ஆண்டின் சத்யம் இன்ஃபோவே எதிர் சிஃபிநெட் சொலூஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆள்களப் பெயர் வணிகக்குறியின் இயல்புகளைக் கொண்டது என்றும், பிறர் பெயரால் வணிகம் செய்வதைத் தடுக்கும் பொதுச்சட்டக் கோட்பாடு அதற்கும் பொருந்தும் என்றும் தீர்ப்பளித்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் தொடுத்த வழக்கு இது. ஆயினும் இத்தீர்ப்பு காக்கும் உரிமை போட்டி வணிகருக்கு எதிரானது, பதிவகத்துக்கு எதிரானதன்று.

இவ்வழக்குகளைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். கிரெமனின் வழக்கில் பெயர் பறிபோனதற்குக் காரணம் ஓர் ஏமாற்று. பெஃப்கன் விவகாரத்தில் காரணம் வணிகக்குறி. அம்ப்ரோ வழக்கில் காரணம் கடன். பதிவகமே தன் விதிகளின்கீழ்ப் பெயரைத் திரும்பப் பெறும் நிலை இவற்றுள் எதிலும் நேரடியாக எழவில்லை. அந்நிலையில் ‘சொத்து’ என்னும் பெயர் மட்டும் போதுமான காப்பாகாது. விதிகளுக்கு உட்பட்டே தோன்றிய உரிமையை அதே விதிகள் முடிவுக்குக் கொண்டுவரும்போது, முடிவுக்குக் கொண்டுவந்த முறை நேர்மையானதா என்பதே எஞ்சும் வினா.

திரும்பப் பெறுதலின் வகைகள்

பதிவு நீக்கங்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. பதிவுதாரரின் செயலோ செயலின்மையோ காரணமாக நேர்வன முதல் வகை. காலாவதியான பதிவைப் புதுப்பிக்காமை, பொய்யான தொடர்பு விவரங்களைத் தருதல், மோசடிக்குப் பெயரைப் பயன்படுத்துதல் ஆகியன இதில் அடங்கும். நீதிமன்றத்தின் அல்லது நடுவரின் ஆணையால் நேர்வன இரண்டாம் வகை. பதிவகம் தன் கொள்கையைப் பொருள்கொள்ளும் விதத்தாலோ, தகுதி விதி மாறுவதாலோ நேர்வன மூன்றாம் வகை.

முதல் வகையில் பொது ஆள்களங்களின் பதிவுதாரருக்கு ஓரளவு தெளிவான பாதுகாப்பு உண்டு. 2013-இல் நடைமுறைக்கு வந்த ஐகானின் காலாவதிப் பதிவு மீட்புக் கொள்கையின்படி, பதிவு முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் முகவர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். முடிந்தபின் ஐந்து நாள்களுக்குள் மீண்டும் அறிவிக்க வேண்டும். நீக்கப்பட்ட பெயரை முன்னைய பதிவுதாரர் மீட்டுக்கொள்ள 30 நாள் அவகாசமும் பொதுவாக உண்டு. கட்டணம் செலுத்த மறந்தவருக்கே இத்துணை அவகாசம் தரப்படுகிறது.

இரண்டாம் வகையிலும் ஒழுங்குமுறை உண்டு. 1999-இல் ஐகான் ஏற்ற ஒருசீர் ஆள்களப் பெயர்ப் பூசல் தீர்வுக் கொள்கையின்கீழ், பெயரை நீக்கவோ மாற்றவோ நடுவர் முடிவு செய்தாலும் அது உடனடியாகச் செயற்படுத்தப்படுவதில்லை. பதிவுதாரர் நீதிமன்றத்தை நாடுவதற்காகப் பத்து வேலை நாள்கள் முகவர் காத்திருக்க வேண்டும்.

மூன்றாம் வகையில்தான் இடைவெளி மிகுதி. தவறு ஏதும் செய்யாத பதிவுதாரரும் இதற்கு உள்ளாகக்கூடும். மறதியாளருக்கு 30 நாளும், நடுவரிடம் தோற்றவருக்குப் பத்து வேலை நாளும் உண்டு. பதிவகத்தின் பார்வையில் விதி மீறியவருக்கு எத்தனை நாள் என்பதற்கு உலகளாவிய விடை ஏதுமில்லை. பின்வரும் இரு நிகழ்வுகள் இவ்வகையின் இரு எதிர்முனைகளாக அமைகின்றன.

லிபியா: பொருள்கோளும் தீர்ப்பும் ஒரே கையில்

டாட் எல்ஒய் என்பது லிபியாவின் நாட்டுக் குறியீடு. ஆங்கில வினையடைகள் பல ‘லி’ என்னும் ஒலியில் முடிவதால் இது லிபியாவுக்கு வெளியேயும் விரும்பிப் பதியப்பட்டது. நீண்ட இணைய முகவரிகளைச் சுருக்கித் தரும் பிட் டாட் எல்ஒய் இதற்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் வாழ்ந்த எழுத்தாளர் ஒருவரும் தொழில்நுட்பர் ஒருவரும் விபி டாட் எல்ஒய் என்னும் பெயரில் இத்தகைய சுருக்கச் சேவையொன்றை நடத்தினர். பாலியல் தொடர்பான இணைப்புகளையும் தடையின்றிச் சுருக்கித் தருவது அதன் சிறப்பாகச் சொல்லப்பட்டது.

2010-இல் லிபியப் பதிவகம் அப்பெயரைத் திரும்பப் பெற்றது. தளத்தின் உள்ளடக்கம் லிபியச் சட்டத்துக்கும் இஸ்லாமிய ஒழுக்கநெறிக்கும் முரணானது என்பது கூறப்பட்ட காரணம். பெயரில் இடம்பெறும் சொற்கள் ஒழுக்கக்கேடானவையாக இருத்தல் கூடாது என்னும் விதி, அப்பெயரில் இயங்கும் தளத்தின் உள்ளடக்கத்தையும் தழுவுமா என்பதே பூசலின் மையம். பதிவுதாரர்கள் தழுவாது என்றனர். பதிவகம் தழுவும் என்றது. தமக்கு முறையான முன்னறிவிப்பு வரவில்லை என்பது பதிவுதாரர்களின் மற்றொரு குறை. விதியை இயற்றியதும் அதற்குப் பொருள் கூறியதும் மீறப்பட்டதாக முடிவு செய்ததும் அம்முடிவைச் செயற்படுத்தியதும் ஒரே அமைப்பு. அதே ஆண்டில், நான்கு எழுத்துகளுக்குக் குறைந்த பெயர்களை லிபியாவில் உள்ளோருக்கு மட்டுமே ஒதுக்கும் விதியும் வந்தமையால், நடவடிக்கையின் நோக்கம் குறித்த ஐயம் பதிவுதாரர்களிடையே எழுந்தது.

லிபியா தன் சட்டத்தைத் தன் நாட்டுக் குறியீட்டின்கீழ்ச் செயற்படுத்த உரிமையற்றது என்று கூற இயலாது. நாட்டுக் குறியீட்டு ஆள்களத்தைத் தேர்ந்தெடுப்பவர் அந்நாட்டுச் சட்டத்தையும் தேர்ந்தெடுக்கிறார். 2024 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் டாட் ஏஎஃப் குறியீட்டின்கீழ் இயங்கிய குவியர் டாட் ஏஎஃப் என்னும் சமூக வலைத்தள வழங்கியின் பெயர் அந்நாட்டு அதிகாரத்தால் முடக்கப்பட்டபோதும் இதே பாடம் உணரப்பட்டது. ஒலிநயத்துக்காகக் குறியீட்டைத் தேர்ந்தவர்கள் அதன் பின்னிருந்த ஆட்சியெல்லையைக் கருதவில்லை. எனினும், சட்டத்தைச் செயற்படுத்தும் உரிமை வேறு. பாதிக்கப்படுபவரின் கூற்றைக் கேட்கும் கடமை வேறு. முன்னது இருப்பதால் பின்னது இல்லையாகிவிடாது.

ஐரோப்பிய ஒன்றியம்: விதி, அறிவிப்பு, அவகாசம்

டாட் ஈயூ ஆள்களம் தொடக்கம் முதலே சட்டத்தால் ஆளப்படுவது. 2002-ஆம் ஆண்டின் 733-ஆம் எண் ஒழுங்குவிதி அதனைத் தோற்றுவித்தது. 2004-ஆம் ஆண்டின் 874-ஆம் எண் ஒழுங்குவிதியின் 20-ஆம் பிரிவு, பதிவகம் தானாகவே பெயரைத் திரும்பப் பெறத்தக்க காரணங்களை மூன்றாக வரையறுத்தது. பதிவகத்துக்குச் செலுத்த வேண்டிய நிலுவை, பதிவுதாரர் தகுதி விதியை நிறைவு செய்யாமை, பதிவு நிபந்தனைகளை மீறுதல் ஆகிய இம்மூன்றையன்றி வேறு காரணம் கூடாது. மேலும், பதிவுதாரருக்கு அறிவிப்புத் தந்து, தக்க நடவடிக்கை எடுக்க அவருக்கு வாய்ப்பளிக்கும் நடைமுறையைப் பதிவகம் வகுக்க வேண்டும் என்றும் அப்பிரிவு கட்டளையிட்டது.

இக்கட்டுப்பாடுகளின் வலிமை விரைவிலேயே சோதனைக்கு உள்ளாயிற்று. பொதுப் பதிவு தொடங்கிய 2006-ஆம் ஆண்டின் ஜூலையில், பெயர்களைக் குவித்து விற்கும் நோக்கில் ஒரே தரப்பினர் பல முகவர் நிறுவனங்களை உருவாக்கியதாகக் கருதிய யூரிட், ஏறத்தாழ 74,000 பெயர்களை முடக்கி, 400 முகவர்களுக்கு எதிராக நடவடிக்கை தொடங்கியது. பதிவகத்தின் நோக்கம் நியாயமானதாகவே பலருக்கும் தோன்றியது. ஆயினும் பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றம் இடைக்கால ஆணையொன்றில், வழக்காடியோரின் பெயர்கள்மீதான முடக்கத்தை நீக்குமாறு பணித்தது. பதிவகத்தின் செயல் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட்டதே என்பது இதனால் உறுதியாயிற்று.

அடுத்த சோதனை மிகப் பெரியது. ஐக்கிய இராச்சியம் ஒன்றியத்தைவிட்டு வெளியேற முடிவு செய்தபோது, அந்நாட்டினர் பதிந்திருந்த டாட் ஈயூ பெயர்கள் மூன்று லட்சத்தை எட்டியிருந்தன. இப்பதிவுதாரர்கள் எவ்விதியையும் மீறவில்லை. கட்டணம் செலுத்தத் தவறவுமில்லை. அவர்கள் வாழ்ந்த நாட்டின் நிலை மாறியதே தகுதியிழப்புக்குக் காரணம்.

வெளியேற்றத்துக்குப்பின் ஐக்கிய இராச்சியத்தில் உள்ள நிறுவனங்களும் அங்கு வாழ்வோரும் தகுதியிழப்பர் என்று ஐரோப்பிய ஆணையம் 2018 மார்ச்சிலேயே அறிவித்தது. 2019-ஆம் ஆண்டின் 517-ஆம் எண் ஒழுங்குவிதி தகுதி விதியைத் தளர்த்தியது. அதன்படி 2019 அக்டோபர் முதல் ஒன்றியக் குடிமக்கள் எந்நாட்டில் வாழ்ந்தாலும் டாட் ஈயூ பெயரைப் பதியலாயினர். இதனால் இலண்டனில் வாழும் அயர்லாந்துக் குடிமகன் தன் பெயரை வைத்துக்கொள்ள முடிந்தது. அவருடைய அண்டை வீட்டில் வாழும், பிரிட்டிஷ் குடியுரிமை மட்டும் உடையவருக்கு அவ்வழி இல்லை. மாறுகாலம் முடியவிருந்த 2020-இன் அக்டோபரிலும் டிசம்பரிலும் பாதிக்கப்படவிருந்தோருக்கு மின்னஞ்சல் அறிவிப்புகள் அனுப்பப்பட்டன. 2021 ஜனவரி 1 அன்று ஏறத்தாழ 80,000 பெயர்கள் முடக்கப்பட்டன. முடக்கப்பட்ட பெயரில் இணையதளமோ மின்னஞ்சலோ இயங்காது. ஆயினும் ஒன்றியத்தில் உள்ள முகவரியையோ குடியுரிமையையோ காட்டிப் பெயரை மீட்க அவகாசம் இருந்தது. மீட்கப்படாத பெயர்கள் 2022 ஜனவரித் தொடக்கத்தில்தான் பொதுப் பதிவுக்கு விடுவிக்கப்பட்டன.

முதல் அறிவிப்புக்கும் இறுதி விடுவிப்புக்கும் இடையே ஏறத்தாழ நான்காண்டுகள் கழிந்தன. முடக்கம், திரும்பப் பெறுதல், விடுவிப்பு என நடவடிக்கை படிப்படியாக அமைந்தது. முடக்கப்பட்டவுடன் பெயர் பிறர் கைக்குச் செல்லாமல் ஓராண்டு காலம் காக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. மின்னஞ்சல்கள் பிறரிடம் சென்றடையும் ஆபத்து இதனால் குறைந்தது. அதே வேளையில் இம்முறையின் குறையையும் மறைத்தல் ஆகாது. பதியும்போது தகுதியுடையவராக இருந்தவருக்கு அப்பெயரைத் தொடர்ந்து வைத்திருக்கும் உரிமை வழங்கப்படவில்லை. ஒன்றியத்தில் கிளை தொடங்கும் வசதியுடைய பெருநிறுவனத்துக்கு மாற்றுவழி எளிது. ஒரே ஊரில் கடை நடத்தும் சிறுவணிகருக்கு அது எளிதன்று. நேர்மையான நடைமுறை இழப்பைத் தாங்கத்தக்கதாக்கிற்று, இழப்பை இல்லாமலாக்கவில்லை.

முறையிடும் மன்றம் என்னும் இடைவெளி

காரணம், அறிவிப்பு, அவகாசம் ஆகிய மூன்றும் இருந்தாலும் நான்காவதாக ஒன்று வேண்டும். பதிவகத்தின் முடிவைச் சாராத மூன்றாம் தரப்பினர் ஆராயும் மன்றமே அது. ஐகானின் பூசல் தீர்வுக் கொள்கை வணிகக்குறி உரிமையாளர் பதிவுதாரருக்கு எதிராகத் தொடுக்கும் முறையீடுகளுக்காக அமைந்தது. பதிவுதாரர் பதிவகத்துக்கு எதிராக அதனை நாட இயலாது. டாட் ஈயூ இதில் விதிவிலக்காக நிற்கிறது. 2004-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி, பதிவகத்தின் முடிவு விதிகளுக்கு முரணானது எனக் கருதுவோர் அதனை மாற்றுமுறைத் தீர்வு மன்றத்தின்முன் எதிர்க்க வழிசெய்தது. செக் நடுவர் நீதிமன்றம் இப்பணியை ஏற்றது. தொடக்கக் காலப் பதிவுகளில் யூரிட் எடுத்த முடிவுகள் சில அம்மன்றத்தால் நீக்கப்பட்டதும் உண்டு.

இந்தியாவின் டாட் இன் ஆள்களத்துக்கு 2005-இல் வகுக்கப்பட்ட பூசல் தீர்வுக் கொள்கை, ஐகானின் கொள்கையை ஒத்த நோக்குடையது. முறையிடுபவர் பெயர்மீது உரிமை கோரும் மூன்றாம் தரப்பினர். நடுவரை நியமிப்பது பதிவகம். 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் இணக்கச் சட்டத்தின் துணையுடன் விசாரணை நடைபெறும். பதிவகத்தின் செயலே பூசலுக்குக் காரணமாகும் நிலைக்கு அது உருவாக்கப்படவில்லை. தமிழ் எழுத்துகளில் அமைந்த .இந்தியா என்னும் உயர்நிலை ஆள்களத்தையும் நிக்சியே நிருவகிப்பதால், தமிழிலேயே பெயர் பதிபவரின் நிலையும் இதுவே. தமிழ் எழுத்துகளில் அமைந்த பிற நாட்டுக் குறியீடுகளான .இலங்கை, .சிங்கப்பூர் ஆகியவற்றின்கீழ்ப் பதிபவர் அந்தந்த நாட்டின் சட்டத்துக்கு உட்படுகிறார். மொழி ஒன்றாயினும் உரிமையின் ஊற்று மூன்று சட்டங்கள் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

சிறப்பு மன்றம் இல்லாமை தீர்வே இல்லை என்று பொருள்படாது. உயர் நீதிமன்றங்களின் பேராணை அதிகாரத்தை வழங்கும் அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பு, அரசுக்கு மட்டுமன்றிப் பொதுக்கடமை ஆற்றும் அமைப்புகளுக்கும் எதிராகப் பயன்படுத்தப்பட்டுவருகிறது. நாட்டின் ஆள்களத்தை நிருவகித்தல் பொதுக்கடமையே என்று வாதிட இடமுண்டு. இணையத்தின் வழியான கருத்துரிமையும் தொழில் செய்யும் உரிமையும் அரசியலமைப்பின் பாதுகாப்புக்கு உரியவை என்று 2020-ஆம் ஆண்டின் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியமை இவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கும். எனினும் சிறு பதிவுதாரர் ஒருவருக்கு உயர் நீதிமன்றப் படிக்கட்டு உயரமானது. பெயரை இழந்த ஒவ்வொரு நாளும் அவருக்கு இழப்பே.

குறைந்தபட்ச நடைமுறை உரிமைகள்

மேற்கண்ட ஒப்பீட்டினின்று, எந்தப் பதிவகத்தின்கீழும் பதிவுதாரருக்கு உறுதிசெய்யப்பட வேண்டிய உரிமைகளாக ஐந்தினைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, திரும்பப் பெறுவதற்கான காரணங்கள் முன்கூட்டியே எழுத்தில் வரையறுக்கப்பட்டு, அவ்வரையறைக்குள் மட்டுமே பதிவகம் செயற்பட வேண்டும். ‘தன் விருப்புரிமைப்படி’ என்னும் தொடர் இவ்வரையறையைக் கரைத்துவிடும் தன்மையது.

இரண்டாவது, குறிப்பிட்ட காரணத்தைச் சுட்டும் அறிவிப்பு பதிவுதாரரை நேரடியாகச் சென்றடைய வேண்டும். முடக்கப்படவுள்ள பெயரிலேயே அமைந்த மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் அனுப்பப்படும் அறிவிப்பு, முடக்கத்துக்குப்பின் பயனற்றதாகிவிடும்.

மூன்றாவது, குறையைச் சரிசெய்யவோ மாற்று ஏற்பாடு செய்யவோ போதிய அவகாசம் வேண்டும். மோசடி போன்ற உடனடி ஆபத்துகளில் முடக்கம் முன்னதாகவும் விசாரணை பின்னதாகவும் அமையலாம். ஆயினும் முடக்கம் வேறு, நீக்கம் வேறு என்னும் வேறுபாடு பேணப்பட வேண்டும்.

நான்காவது, பதிவகத்தைச் சாராத மன்றத்தில் முறையிடும் வாய்ப்பு வேண்டும். முறையீடு முடியும்வரை பெயர் வேறெவருக்கும் வழங்கப்படலாகாது.

ஐந்தாவது, இறுதியாக நீக்கப்பட்ட பெயரும் குறிப்பிட்ட காலம் வரை பொதுப் பதிவுக்கு விடப்படாமல் வைக்கப்பட வேண்டும். இது பதிவுதாரருக்கு மட்டுமன்றி, அவருக்கு மின்னஞ்சல் அனுப்புவோருக்கும் அவர் தளத்தை நம்புவோருக்கும் உரிய பாதுகாப்பு.

இவை பதிவகத்துக்குத் தாங்கவியலாத சுமையல்ல. கட்டணம் செலுத்தத் தவறியவருக்குப் பொது ஆள்களங்களில் இவற்றுட் சில ஏற்கெனவே வழங்கப்படுகின்றன. தவறு செய்யாதவருக்கு அவற்றை மறுப்பதற்குத் தக்க காரணம் காண்பது அரிது.

முடிவுரை

ஆள்களப் பெயர் சொத்தா, ஒப்பந்த உரிமையா என்னும் வினாவுக்கு நாட்டுக்கு நாடு வேறுபட்ட விடைகள் உள்ளன. சொத்து என்னும் தகுதி ஏமாற்றுக்கும் கவனக்குறைவுக்கும் எதிராகப் பயன்படுவதைக் கிரெமன் வழக்கு காட்டியது. ஆனால் பதிவகமே தன் விதியின்கீழ்ச் செயற்படும்போது பதிவுதாரரைக் காப்பது அத்தகுதியைவிட நடைமுறையே. லிபிய நிகழ்வில் பாதிக்கப்பட்டது ஒரே பெயர். அதன் பதிவுதாரர்களுக்குச் சென்று முறையிட இடமில்லை. டாட் ஈயூ நிகழ்வில் பாதிக்கப்பட்டவை பல்லாயிரம் பெயர்கள். ஆயினும் காரணம் சட்டத்தில் இருந்தது, அறிவிப்பு வந்தது, அவகாசம் கிடைத்தது. இரண்டிலும் பெயர் போயிற்று. எனினும் முன்னதில் பதிவுதாரர் செயலற்று நிற்க நேர்ந்தது. பின்னதில் தம் தளத்தையும் மின்னஞ்சலையும் வேறு பெயருக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்தது.

நிறுவனங்களும் இதழ்களும் கல்விக்கூடங்களும் தங்கள் முகவரியை இணையத்திலேயே நிலைநிறுத்திவரும் காலம் இது. பதிவகத்துக்கு எதிரான முறையீட்டு மன்றம் ஒன்றினை டாட் இன், .இந்தியா ஆகியவற்றின் கொள்கைகளில் இடம்பெறச் செய்தல், இந்தியப் பதிவுதாரரின் உரிமையை உறுதிப்படுத்தும் முதற்படியாக அமையும்.